ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

“ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சென்ற கிழமை பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு இப்பழமொழியைத் தலைப்பாகக் கொடுத்து ஒரு கட்டுரை எழுதுமாறு பணித்தேன். எழுதத் தொடங்குமுன் பின்வாங்கிலிருந்த ஒரு சிறுவன் எழுந்து, “சேர், ஏறினால் என்ன நடக்கும்?” என்று வினவினான். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுகளாக இப்பழமொழிக்குப் பொருள் சொல்லிவருகின்றேன். ஏறினால் நிகழ்வது யாது என்பதை மட்டும் ஒரு நாளேனும் நான் எண்ணிப் பார்த்தவனல்லன்.

அச்சிறுவனுக்கு விடை தேடும் முயற்சியே இவ்வாரக் கட்டுரை. அண்டை நாடாகிய இந்தியாவின் உயர்நீதிமன்றங்களிலே அண்மை ஆண்டுகளில் எளியோர் சிலர் தொடுத்த வழக்குகளையும், அவற்றுக்குக் கிடைத்த தீர்ப்புகளையும் வாசகர் முன் வைக்கின்றேன். நான் சட்டத்தரணி அல்லன். தமிழும் குடியியலும் கற்பிக்கும் ஆசிரியன். ஆதலின் சட்ட நுணுக்கத்தை விடுத்து, வாழ்வுக்கு வேண்டும் செய்தியையே கூறுவேன்.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தை நீக்கிவிடுதல் நன்று. நம் நாட்டிலே உயர்நீதிமன்றம் என்றால் அது நாட்டின் தலையாய மன்றத்தைக் குறிக்கும். இந்தியாவிலோ அப்பெயர் மாநிலங்களின் தலைமை மன்றங்களுக்கு உரியது. அவற்றுக்கு மேலாகத் தலைநகரில் விளங்குவதை அவர்கள் உச்சநீதிமன்றம் என்பர். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் 1862ஆம் ஆண்டிலே தோன்றிய உயர்நீதிமன்றங்கள் 2019ஆம் ஆண்டளவில் 25 ஆகப் பெருகின. அரசோ அரச அதிகாரியோ ஒருவரின் உரிமையைப் பறித்தால், அவர் இந்திய அரசியலமைப்பின் 226ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர்நீதிமன்றத்தை அணுகி எழுத்தாணை வேண்டலாம். எளியவன் ஏறக்கூடிய அம்பலம் இதுவே.

அடுக்களையும் ஆதனமும்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவர் பல ஆண்டுகள் சவூதி அரேபியாவிலே தொழில் செய்து பணம் அனுப்பினார். மனைவி ஊரிலிருந்து பிள்ளைகளை வளர்த்தார். அனுப்பிய பணத்திலே ஆதனங்கள் வாங்கப்பட்டன. ஊர் திரும்பிய கணவர், “உழைத்தவன் நான், பணம் என்னுடையது, ஆகவே எல்லாம் எனக்கே உரியவை” என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியுமுன் அவர் காலமாக, பிள்ளைகள் அதனைத் தொடர்ந்து நடத்தினர்.

நீதியரசர் கூறியதன் சாரம் இது: இல்லத்தைப் பேணும் மனைவி ஒரு மேலாளராகவும், சமையற்காரராகவும், வீட்டு வைத்தியராகவும், வரவு செலவு பார்ப்பவராகவும் ஒருங்கே கடமை புரிகின்றார், அவருக்கு விடுமுறை நாளும் இல்லை. அவர் அவ்வாறு வீட்டைத் தாங்கியதனாலேயே கணவர் கடல் கடந்து பொருள் ஈட்ட முடிந்தது. எனவே அப்பொருளில் வாங்கிய ஆதனத்திலே மனைவிக்குச் சம பங்கு உண்டு. வீட்டுப் பெண்ணின் உழைப்பை மதிப்பிடுதற்குத் தனிச்சட்டம் இல்லை. ஆயினும் அதனை மதிக்கலாகாது என்று நீதிபதியைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவர் காட்டிய வழி.

இச்செய்தியை நான் உரக்க வாசித்தபோது என் மனைவியார் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும், “சவூதியிலே உழைத்தவரின் கதை சரி. நாங்கள் வாங்கின காணியின் உறுதியிலே யாருடைய பெயர் இருக்கிறது?” என்று அமைதியாகக் கேட்டார். 2012ஆம் ஆண்டிலே என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய இரண்டு பரப்புக் காணி அது. உறுதியிலே என் பெயர் மட்டுமே உண்டு. “நொத்தாரிசு எழுதியபடி எழுதினார்” என்றேன். “நொத்தாரிசுக்குப் பெயர் சொன்னவர் நீங்கள்தானே” என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. சம்பளம் என்னுடையதாயினும், அதிலே மிச்சம் பிடித்தவர் நானல்லேன் என்பது எனக்கே தெரியும்.

இவ்விடயத்திலே நம்மவர் பெருமை கொள்ளத்தக்க ஒன்றும் உண்டு. நாணத்தக்க ஒன்றும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 1707ஆம் ஆண்டிலே எழுத்தில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, மணவாழ்விலே சேர்த்த பொருளைத் “தேடியதேட்டம்” எனப் பெயரிட்டு, அதிற் கணவன் மனைவி இருவர்க்கும் உரிமை உண்டு என்று கொண்டது. சென்னை மன்றம் 2023இல் எட்டிய கருத்தின் வித்து நம் வழமையிலே மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளையும் வழியுரிமையையும் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் சொந்த அசையா ஆதனத்தைத்தானும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்றலாகாது என்று விதித்தது. உரிமையை ஒரு கையாற் கொடுத்து, அதன் திறப்பை மறு கையில் வைத்துக்கொண்டோம்.

புத்தகமும் போட்டோக்கொப்பியும்

அடுத்த வழக்கு எம்போன்ற ஆசிரியரின் வயிற்றிலே பால் வார்த்தது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் கல்விக்கூட வளவிலே ஒரு சிறு போட்டோக்கொப்பிக் கடை இருந்தது. ஆசிரியர் வகுத்த பாடத்திட்டத்துக்கேற்ப, பல நூல்களிலிருந்து வேண்டிய பகுதிகளை எடுத்துப் படியாக்கிக் கட்டி, மாணவர்க்குக் குறைந்த விலையிற் கொடுப்பது அக்கடையின் தொழில். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் முதலிய பெரும் பதிப்பகங்கள் தங்கள் பதிப்புரிமை மீறப்பட்டதென்று 2012ஆம் ஆண்டிலே அக்கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்தன. ஒரு நூலின் விலையோ ஏழை மாணவனின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும். கல்வியாளர் பலர் பதிப்பகங்களின் செயலைக் கண்டித்து எழுதினர்.

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி டில்லி உயர்நீதிமன்ற நீதியரசர் ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது தெய்வம் தந்த உரிமையன்று. அறிவு வளர்தற்பொருட்டுச் சட்டம் வகுத்த ஏற்பாடே அது என்பது அவர் கருத்து. கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் நூற்பகுதிகளைப் படியெடுத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் வைத்திருக்கின்றது. கற்பித்தல் என்பது வகுப்பறையில் மணியடித்து மணியடிக்கும் வரை நிகழும் பேச்சு மாத்திரமன்று. பாடத்துக்கு ஆயத்தம் செய்தலும் வீட்டிலிருந்து வாசித்தலும் அதனுள் அடங்கும் என்று அவர் விளக்கினார்.

அவ்வாண்டு டிசம்பர் 9ஆந் திகதி இருவர் அடங்கிய அமர்வு மேன்முறையீட்டை விசாரித்தது. அடிப்படையை அது ஏற்றது. எனினும் கடை படியெடுத்த பகுதிகள் பாடத்தின் தேவைக்கு உட்பட்டனவா என்பதைச் சாட்சியங்கொண்டு ஆராயுமாறு திருப்பியனுப்பிற்று. 2017இலே பதிப்பகங்கள் தாமே வழக்கைக் கைவிட்டன. இதனைக் கண்டு, எந்நூலையும் முழுமையாகப் படியெடுக்கலாம் என்று நம் மாணவர் எண்ணிவிடலாகாது. அது இந்தியச் சட்டத்தின்மேல் எழுந்த தீர்ப்பு. மேலும், கற்பித்தலுக்கு வேண்டிய அளவு என்னும் வரம்பு அங்கும் உண்டு. நூலாசிரியனும் உண்டு உடுத்து வாழ வேண்டியவனே.

விடுதியிலே ஒரு கைத்தொலைபேசி

கேரளத்திலே கோழிக்கோட்டை அடுத்த ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைத்தொலைபேசி வைத்திருத்தலாகாது என்று ஒரு விதி இயற்றினர். ஒரு மாணவி மட்டும் அதற்கு இணங்க மறுத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஏனைய மாணவிகள் வாய்திறவாதிருக்க, அவர் உயர்நீதிமன்றப் படியேறினார்.

2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி நீதியரசர் பி. வி. ஆஷா அம்மாணவியை மீண்டும் விடுதியிற் சேர்க்குமாறு பணித்தார். இணையத்தை அணுகுதல் கல்வி பெறும் உரிமையிலும் அந்தரங்க வாழ்வின் உரிமையிலும் அடங்கும் என்பது தீர்ப்பின் உட்பொருள். கல்லூரி மாணவியர் வயது வந்தோர். எப்பொழுது, எவ்வாறு படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அறிந்தவர். ஒழுங்கு வேண்டியதே, ஆயினும் ஒழுங்கின் பெயரால் அறிவு பெறும் வாயிலை அடைத்தல் தகாது என்றார். பிறர்க்கு இடையூறு விளையாதவாறு பயன்படுத்துதல் மாணவியின் கடமை என்பதையும் அவர் மறக்கவில்லை.

நான் ஐந்தாண்டுகள் விடுதிப் பொறுப்பாசிரியனாக இருந்தவன். அக்காலத்திலே மாணவரிடமிருந்து கைப்பற்றிய தொலைபேசிகள் என் மேசை இழுப்பறையிற் கிடந்தன. அவர்கள் சிறுவர், கேரளத்து மாணவியோ வயது வந்தவர். ஆகவே இத்தீர்ப்பு என்னைக் குற்றவாளியாக்கவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பின்னர் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அவ்விதியை ஏன் இயற்றினீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டபோது, “விதி என்றால் விதிதான்” என்றேன். காரணங் கூறாத விதியை இயற்றியவன் ஆசிரியனல்லன், காவற்காரன். இன்று அவ்விடுதிப் பொறுப்பு எனக்கு மீண்டும் வருமாயின், தொலைபேசிக்கு நேரம் வகுப்பேன். ஆனால் காரணத்தை விதியின் கீழே எழுதி ஒட்டுவேன்.

மாணாக்கரான நீதிபதி

மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக நேசித்த அவர்களைப் பெற்றோர் பிரிக்க முயன்றனர். காணாமற்போனோர் என்று பொலிசிலும் முறையிட்டனர். பொலிசாரின் தொல்லையிலிருந்து காக்குமாறு அப்பெண்கள் உயர்நீதிமன்றத்தை வேண்டினர். வழக்கு நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது.

குடும்பப் பகுதியிலே இவ்விடயத்தை எழுதலாமோ என்று நான் ஒரு கணம் தயங்கியதுண்டு. ஆனால் நீதியரசர் செய்த செயல் எந்த ஆசிரியனும் தன் வகுப்பிற் சொல்லத்தக்கது. இவ்விடயத்தைத் தாம் முழுமையாக உணர்ந்தவரல்லர் என்பதை அவர் திறந்த மன்றிலே ஒப்புக்கொண்டார். அப்பெண்களையும் அவர்தம் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பியதோடு நில்லாமல், தாமும் ஓர் உளவியலாளரிடம் சென்று கற்றுக்கொண்டார். அதன் பின்னரே 2021ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி விரிவான ஆணையைப் பிறப்பித்தார். காணாமற்போனோர் வயது வந்தோர் என்றும், விரும்பியே சேர்ந்து வாழ்கின்றனர் என்றும் தெரிந்தால் பொலிசார் முறைப்பாட்டை மூடிவிடல் வேண்டும். இத்தகையோரை மருத்துவத்தால் “மாற்றுவோம்” என்று முனையும் வைத்தியர்மேல் நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என்பன அதன் முக்கிய கூறுகள்.

நீதியாசனத்தில் அமர்ந்தவர் “எனக்குத் தெரியாது, கற்றுக்கொண்டு வருகின்றேன்” என்று கூறுதல் எளிதன்று. கரும்பலகையின் முன் நிற்கும் நமக்கே அச்சொல் நாவில் எழுவதில்லை. அப்பெற்றோரின் கண்ணீரையும் நான் அலட்சியம் செய்கின்றேன் அல்லேன். ஆயினும், தம் பிள்ளை அஞ்சி ஓடவேண்டிய இடமாக வீடு ஆகிவிட்டால், அதனினும் பெரிய இழப்பு பெற்றோர்க்கு வேறு யாது?

ஆறு வழக்காடுமா?

எல்லாத் தீர்ப்பும் நிலைத்துவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி உத்தரகாண்ட் உயர்நீதிமன்ற நீதியரசர்களாகிய ராஜீவ் சர்மாவும் அலோக் சிங்கும், கங்கையும் யமுனையும் உரிமைகளும் கடமைகளும் உடைய “சட்ட ஆட்கள்” என்று அறிவித்தனர். கோவில் மூர்த்தி ஆதனம் உடைத்தாயிருக்கவும் வழக்காடவும் வல்ல சட்ட ஆள் என்னும் கருத்தை 1925ஆம் ஆண்டிலே பிரிவிக் கவுன்சில் ஏற்றிருந்தது. மூர்த்திக்கு ஆகுமாயின் நதிக்கு ஏன் ஆகாது என்பது நீதியரசர்களின் நெறி. நதிகளின் பெற்றோர் நிலையிலிருந்து காக்குமாறு மாநிலத் தலைமைச் செயலாளர் முதலிய அதிகாரிகளை நியமித்தனர். அதே மாதத்திலே நியூசீலாந்துப் பாராளுமன்றம் வங்கனூயி என்னும் ஆற்றுக்கு இத்தகைய நிலையைச் சட்டம் இயற்றி வழங்கியிருந்தது.

கேட்பதற்கு இனிமையான தீர்ப்பு. ஆனால் மாநில அரசு உச்சநீதிமன்றத்திலே சில வினாக்களை எழுப்பிற்று. கங்கை பல மாநிலங்களினூடே ஓடுவது. ஒரு மாநிலத்து அதிகாரி ஏனைய மாநிலங்களிலே அதனை எவ்வாறு காப்பார்? வெள்ளம் பெருகி உயிர்ச்சேதம் விளைந்தால், நதியின் பாதுகாவலர் என்பதற்காகத் தலைமைச் செயலாளர் நட்டஈடு செலுத்துவதா? அவ்வாண்டு ஜூலை 7ஆந் திகதி உச்சநீதிமன்றம் தீர்ப்பை இடைநிறுத்திற்று.

எனினும் அவ்வெண்ணம் மடிந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரலிலே, தேனி மாவட்டத்து மேகமலை வனநிலத்தைத் தனியார்க்குப் பட்டா வழங்கிய ஓர் அதிகாரியின் வழக்கிலே, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதியரசர் எஸ். ஸ்ரீமதி, இயற்கை அன்னையே உரிமையுடைய உயிர் என்று அறிவித்தார். தீர்ப்பு எழுதுதல் ஒன்று. அதை நிறைவேற்ற ஆளும் பணமும் எல்லையும் வகுத்தல் மற்றொன்று. இரண்டாவது இல்லாத முதலாவது, நல்ல கவிதையாகலாம், நல்ல சட்டமாகாது.

முகாமிற் பிறந்த மகள்

இறுதியாகக் கூறப்போவது நம்மவர் கதை. 1983ஆம் ஆண்டு முதல் கடல் கடந்து தமிழகம் சென்றோரையும், அவர்தம் முகாம் வாழ்வையும் நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இப்பத்திரிகை வாசகருள் உறவினர் எவரையும் அங்கே விடாதவர் சிலரே ஆவர். இலங்கைப் பெற்றோருக்கு 1986ஆம் ஆண்டிலே மண்டபம் முகாமிற் பிறந்த பெண் ஒருவர், வளர்ந்து மணமுடித்த பின்னர் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். அவர் இந்தியப் பிரசை அல்லர் என்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

இந்தியப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் திகதி முதல் 1987ஆம் ஆண்டு ஜூலை 1ஆந் திகதிக்கு முன்னர் வரை இந்திய மண்ணிற் பிறந்தோர் பிறப்பினாலேயே பிரசைகள் என்று கூறுகின்றது. பெற்றோர் யார் என்று அப்பகுதி வினவவில்லை. 2022ஆம் ஆண்டு ஓகஸ்டிலே மதுரைக் கிளை நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் இதனை எடுத்துக்காட்டி, அப்பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு ஆணையிட்டார். 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே அவர் வாக்களித்தார். அவர் வாதித்தது புதியதோர் உரிமைக்காக அன்று. பிறந்த அன்றே அவருக்கிருந்த உரிமையை, அதனை வைத்திருந்தோர் முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர்க்குச் சொல்லவில்லை. அவ்வளவே.

இத்தீர்ப்பிலே ஆறுதலும் உண்டு; நெஞ்சை அறுக்கும் உண்மையும் உண்டு. 1987 ஜூன் மாதத்திலே பிறந்த அக்காள் பிரசை. அதே முகாமில், அதே குடிசையில், அதே தாய்க்கு இரண்டாண்டு கழித்துப் பிறந்த தம்பி அச்சட்டத்தின்படி பிரசை அல்லன். ஏனெனில் 1987 ஜூலைக்குப் பின்னர் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியப் பிரசையாயிருத்தல் வேண்டும் என்று சட்டம் மாறிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தார்க்கு வழி திறந்தது. இலங்கையை அப்பட்டியலிற் சேர்க்கவில்லை.

இதற்கு முன்னர், 2019 ஜூனிலே, அதே நீதியரசர் முன்னிலையில் மலையகத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழ்ந்தனர். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரையும் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. இவ்வாறு மக்களை மூட்டைகளைப்போல் எண்ணியபோது அம்மக்களை எவரும் கேட்டாரல்லர். அந்த 65 பேரும் பிரசாவுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றும், மத்திய அரசு அவற்றை 16 வாரங்களுள் பரிசீலிக்க வேண்டும் என்றும் நீதியரசர் பணித்தார். பிரசாவுரிமையை வழங்கும் அதிகாரம் அரசினுடையது. ஆதலின் “வழங்குக” என்று சொல்லாது, “கருதிப் பார்க்க” என்றே மன்றம் கூறிற்று. மன்றின் கை எட்டும் தூரம் அவ்வளவே.

சிறுவனுக்கு விடை

இனி, அச்சிறுவனின் வினாவுக்கு வருவோம். ஏழை சொல் அம்பலம் ஏறினால் என்ன நடக்கும்? சில வேளை நிலத்திற் பாதி கிடைக்கும். சில வேளை விடுதியில் இடம் கிடைக்கும். சில வேளை நீதிபதியே மாணாக்கராவார். சில வேளை மேலுள்ள மன்றம் தடை விதிக்கும். சில வேளை ஒருவர்க்குக் கதவு திறந்து, அவர் தம்பிக்குத் திறவாதிருக்கும். ஓர் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு அதன் எல்லைக்குள்ளேயே பிறரைக் கட்டுப்படுத்தும். எல்லைக்கு அப்பாலுள்ளோர்க்கு அஃது ஒரு வழிகாட்டி மாத்திரமே. இவையாவும் உண்மை. ஆனால் ஏறாத சொல்லுக்கு இவற்றுள் ஒன்றேனும் நிகழாது என்பதும் உண்மை.

ஒன்றை மட்டும் நான் அவனுக்கு அழுத்திச் சொல்வேன். மேலே கண்ட வழக்குகளுட் பலவற்றிலே, அநீதி செய்தோர் கொடியோர் அல்லர். பணம் அனுப்பிய கணவர், விதி இயற்றிய விடுதித் தலைவி, பிள்ளையைத் தேடிய பெற்றோர், கோப்பைப் பார்த்த அலுவலர் என்னும் இவர்களெல்லாரும் நம்மைப் போன்றவரே. “வழக்கம் இதுதானே” என்று எண்ணியவர்கள். அவ்வெண்ணத்தைத் திருத்த ஒரு மன்றும், சட்டத்தரணிகளும், பல ஆண்டுகளும் வேண்டியிருந்தன. வீட்டிலேயே திருத்திக்கொள்ளக்கூடியதை நீதிமன்றம் வரை அனுப்புவானேன்?

வருகின்ற புதன்கிழமை பாடசாலை விட்டதும் நானும் என் மனைவியாரும் நொத்தாரிசின் கந்தோருக்குச் செல்ல இருக்கின்றோம். பழைய உறுதியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி வைத்தவர் அவரே. புதிய உறுதியிலே யார் பெயரை முதலில் எழுதுவது என்று கேட்டேன். “அதை நொத்தாரிசிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லுகிறேன்” என்றார்.